மடைவாய் மண்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதைக் கேட்டு நானும் உன்னோடு சேர்ந்து சிரித்துவிட்டேன். மண் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்து மூன்று வாரம் ஆகவில்லை. அதற்குள் ஒரு பெரியவர் மடைவாயில் தோண்டிய ஈர மண்ணை உரச்சாக்குக் கிழிசலில் கட்டிக்கொண்டு வந்து மேசைமேல் வைத்தார் என்றாய். “வரப்போரம், மரத்தடி, எருக்குழி, மடைவாய், இங்கெல்லாம் எடுக்கக் கூடாதுன்னு எத்தனை நோட்டீஸ் அடிச்சாலும் கரெக்டா அங்கதான் போய் எடுக்கிறாங்க தாத்தா” என்றாய். நடுவயலில் எடுத்து வரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாயாம். சரியாகத்தான் செய்தாய் என்று நானும் சொன்னேன். உன் பாட்டி சாப்பிடக் கூப்பிட்டாள். போனை வைத்துவிட்டேன்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. 73 வயதில் தூக்கம் வராததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அன்றைக்குக் காரணம் இருந்தது. நீ சொன்ன பெரியவர், 1984-இல் என் மேசைக்கு முன்னால் நின்ற ஒருவரை எழுப்பிக் கொண்டுவந்துவிட்டார். போனில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். நீளமாகப் போகும். மதியச் சாப்பாட்டு வேளையில் படி.

எந்த ஊர், எந்த நிலையம் என்பது வேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு பழைய சுரங்கம். மூடிப் பல வருஷம் ஆகியிருந்தது. தோண்டி அரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததைக் கொட்டிவைத்த மேடு மட்டும் அப்படியே நின்றது. மழைக்காலத்தில் அந்த மேட்டைக் கரைத்துக்கொண்டு ஓர் ஓடை இறங்கும். ஓடையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல். அந்த வயல்காரர்தான் வந்திருந்தார். தோள்துண்டின் ஒரு முனையில் மண்ணை முடிந்திருந்தார். முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: “மடையிலேருந்து ஒரு பத்தடிக்குப் பயிரே பிடிக்க மாட்டேங்குது சார். நட்டா வெளுத்து நிக்குது. உள்ள போகப்போகப் பச்சையா இருக்கு. தண்ணி முதல்ல விழுற எடந்தானே நல்லா வரணும்?”

கேள்வியையும் கொண்டுவந்திருந்தார், விடை இருக்கக்கூடிய மண்ணையும் கையோடு கொண்டுவந்திருந்தார். நான் அவருக்குப் பாடம் நடத்தினேன். வயலில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்து இடம் பார்க்கணும், மேலே கிடக்கிற சருகைத் தள்ளிட்டு ஒரு சாண் ஆழத்துக்குள்ள குழி வெட்டி, ரெண்டு பக்கமும் செதுக்கி எடுக்கணும், எல்லாத்தையும் சாக்கில் கொட்டிக் கலந்து நாலாப் பிரிச்சு எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளணும், அரைக் கிலோ மிஞ்சுற வரைக்கும் இப்படியே பிரிக்கணும். இப்போது நீ சொல்வதும் இதேதான். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “அப்ப இந்த மண்ணு?” என்றார். வெளியே கொட்டிவிடச் சொன்னேன். வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் கொட்டி, துண்டை இரண்டு உதறு உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மூன்று நாள் கழித்து நான் சொன்ன மாதிரியே எடுத்து வந்தார். கார அமில நிலை, உப்பு, தழை, மணி, சாம்பல் எல்லாம் பார்த்தேன். ஒன்றிலும் குறை இல்லை. பயிர் வெளுத்திருக்கிறது என்றால் துத்தநாகக் குறையாக இருக்கும் என்று ஊகித்து, எக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் போடச் சொல்லி எழுதினேன். எல்லாருக்கும் எழுதுவதுதான் அது. அதற்குக் கீழே, அழகான கையெழுத்தில், ‘மண் நலமாக உள்ளது’ என்றும் எழுதினேன்.

கண்ணு, அந்தக் கடைசி வரியைத்தான் உனக்குக் காட்ட வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன். நான் பார்த்தது ஐந்து விவரம். எழுதியது மொத்த மண்ணுக்கும் நற்சான்று. அவருடைய வயலில் காட்மியமோ ஈயமோ ஆர்செனிக்கோ இருந்ததா என்று நான் பார்க்கவில்லை. இருந்தது என்று இப்போது அடித்துச் சொல்லவும் மாட்டேன்; அப்படிச் சொன்னால் அதே தப்பை மறுபக்கமாகச் செய்கிறேன் என்றாகும். பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான் என் குற்றம். அவர் அதை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

இதில் வெட்கப்பட வேண்டியது என்னவென்றால், எனக்குத் தெரியாது என்று சொல்லக்கூட வழியில்லை. கல்லூரியில் படிக்கும்போதே ஒரு பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி வந்தது: ‘இத்தாய் இத்தாய் நோய் எதனால் வருகிறது?’ காட்மியம் கலந்த நீரில் விளைந்த அரிசியால், ஜப்பான் என்று எழுதி இரண்டு மார்க்கையும் வாங்கினேன். ‘இத்தாய்’ என்றால் ஜப்பானிய மொழியில் ‘வலிக்கிறது’ என்று அர்த்தம் என்பதும் தெரியும். விடைத்தாளைக் கொடுத்த கையோடு அதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஓய்வுபெறச் சில வருஷம் இருக்கும்போதுதான் அந்த ஊர்க் கதையை முழுசாகப் படித்தேன். படித்தபோது எனக்கு அந்த ஊர் தெரியவில்லை. துண்டு முடிச்சுதான் தெரிந்தது.

ஜப்பானின் மேற்குக் கடலோரம் தொயாமா என்று ஒரு மாகாணம். மலைகளிலிருந்து இறங்கி வருகிற ஜின்சு ஆறு அங்கே சமவெளியில் விரிந்து நெல்வயல்களுக்குப் பாய்கிறது. ஆற்றின் மேல்பகுதியில், பக்கத்து கிஃபு மாகாணத்து மலைக்குள், கமியோகா சுரங்கம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மிட்சுயி நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஈயமும் துத்தநாகமும் எடுத்தார்கள். துத்தநாகத் தாது எங்கே இருக்கிறதோ அங்கே காட்மியம் ஒட்டிக்கொண்டே இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம். அந்தக் காலத்தில் காட்மியத்தை யாரும் பெரிதாக வாங்கவில்லை. அதனால் அது கழிவோடு ஆற்றில் போயிற்று. தாதுவை மாவாக அரைத்துப் பிரிக்கிற முறை வந்த பிறகு கழிவும் மாவாகிவிட்டது. கல்லாக விழுந்தால் பக்கத்திலேயே படிந்துவிடும். மாவு தண்ணீரோடு சமவெளி வரைக்கும் வரும்.

வந்து முதலில் எங்கே தேங்கும்? வாய்க்காலில் வேகமாக வருகிற தண்ணீர் வயலுக்குள் நுழைந்ததும் நடை தளரும். தளர்ந்த இடத்தில் சுமந்து வந்ததை இறக்கிவைக்கும். ஜின்சு கரை வயல்களில் காட்மியம் அதிகமாக இருந்தது மடைவாயில். அங்கிருந்து விலக விலகக் குறைந்தது. அந்த ஊர் விவசாயிகள் மடைவாயை ‘மினாகுச்சி’ என்பார்கள். நீரின் வாய் என்று பொருள். நம் சொல்லேதான். மடைவாயைத் தவிர்த்துவிட்டு எடு என்று நான் சொல்லிக்கொடுத்த விதி உரக் கணக்குக்குச் சரியான விதி. வயலின் சராசரி தெரிந்தால்தான் எத்தனை மூட்டை என்று சொல்ல முடியும். ஆனால் அந்த விதியைக் கொண்டு ஜின்சு கரையில் மண் எடுத்திருந்தால், இருக்கிற இடத்தை விட்டுவிட்டு இல்லாத இடமாகப் பார்த்துத் தேடிய கதையாக இருந்திருக்கும்.

நோய் பெரும்பாலும் பெண்களைப் பிடித்தது. அதிலும் பல பிள்ளை பெற்று, மாதவிலக்கு நின்ற வயதுப் பெண்கள். முதலில் இடுப்பும் தொடையும் வலிக்கும். பிறகு நடை வாத்து நடையாக மாறும். பிறகு நடையே இராது. காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தால் 10 வருஷம், 30 வருஷம் என்று வெளியேறாது. அங்கே உட்கார்ந்து, உடம்புக்கு வேண்டிய பாஸ்பேட்டையும் கால்சியத்தையும் சிறுநீரில் ஒழுகவிடும். எலும்பு மெழுகாகிவிடும். இருமினால் விலா முறியும். மருத்துவர் நாடி பார்க்கக் கையைப் பிடித்தால் அந்தக் கை முறியும். ஒரு பெண்ணுக்கு உடம்பில் 72 இடத்தில் முறிவு இருந்தது. உயரம் 30 செ.மீ. குறைந்துபோனது. இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன்.

ஊர் என்ன சொன்னது? கர்ம வினை என்றது. படித்தவர்கள் போஷாக்குக் குறைவு என்றார்கள், அளவுக்கு மீறிய வயல்வேலை என்றார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்ததுதான் தொல்லை. பாதி உண்மை கையில் இருந்தால் மனுஷன் மீதியைத் தேட மாட்டான். குடும்பங்கள் நோயாளியைப் பின்கட்டில் ஒளித்துவைத்தன. வெளியே தெரிந்தால் அந்த ஊர் அரிசியை யாரும் வாங்க மாட்டார்கள், அந்த ஊரில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் மாட்டார்கள். நம் பக்கத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நொபோரு ஹகினோ என்று ஓர் உள்ளூர் மருத்துவர். 1946-இல் போரிலிருந்து திரும்பி வந்து அப்பா விட்டுப்போன மருத்துவமனையில் உட்கார்ந்தால், வரிசையாக இதே வலியோடு பெண்கள். அவரும் முதலில் மற்ற எல்லாக் காரணத்தையும் தேடிப் பார்த்தவர்தான். பிறகு நோயாளிகளின் வீடுகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தார். புள்ளிகள் எல்லாம் ஜின்சு தண்ணீர் பாய்கிற நிலத்திலேயே விழுந்தன. கிழக்கே குமனோ ஆறு, மேற்கே இடா ஆறு. அவற்றைத் தாண்டி வேறு ஆற்றுத் தண்ணீர் பாய்கிற ஊர்களில் புள்ளி இல்லை. அங்கேயும் ஏழைகள் உண்டு, பிள்ளை பெற்றவர்கள் உண்டு, குனிந்து நாற்று நட்டவர்கள் உண்டு. தண்ணீர் மட்டும்தான் வேறு. 1957-இல் சுரங்கக் கழிவுதான் காரணம் என்று சொன்னார். பேர் வாங்கப் பார்க்கிறான் என்று ஏசினார்கள்.

அவருக்குக் கை கொடுத்தவர்களில் ஒருவர் நம் ஜாதி, அதாவது வேளாண்மைக்காரர்: கின்இச்சி யோஷியோகா. அவர் மனிதர்களின் நோயைப் பார்க்க வந்தவர் இல்லை. பயிர்ச்சேதம் பார்க்க வந்தவர். பயிர் கெட்ட இடமும் எலும்பு முறிந்த இடமும் ஒன்றாக இருந்தது. ஒகயாமா பல்கலைக்கழகத்தில் ஜூன் கோபயாஷி என்ற வேதியியலாளர் மாதிரிகளைச் சோதித்து காட்மியத்தைக் காட்டினார். 1961-இல் ஹகினோவும் யோஷியோகாவும் காட்மியம் என்று பெயர் சொல்லி அறிவித்தார்கள். அரசு ஒப்புக்கொள்ள இன்னும் 7 வருஷம் ஆனது. 1968 மே 8-ஆம் தேதி, ஜப்பானில் தொழிற்சாலை மாசால் வந்த நோய் என்று அரசு ஏற்றுக்கொண்ட முதல் நோய் ஆயிற்று இது.

நீ வேதியியல் கேட்பாய். நெல் வேரில் மாங்கனீசை உள்ளே இழுக்க ஒரு வாசல் இருக்கிறது. காட்மியமும் அதே வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. வயலில் தண்ணீர் கட்டி நிற்கும்போது சேற்றில் காற்று இல்லை. காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும். தண்ணீரை வடித்து வயல் காய்ந்தால் காற்று புகும், கந்தகம் கைவிடும், காட்மியம் கரைந்து வேருக்குள் போகும். கதிர் வாங்குகிற சமயத்துக்கு முன்னும் பின்னும் மூன்று மூன்று வாரம் தண்ணீர் வற்றாமல் வைத்திருந்தால் அரிசியில் காட்மியம் குறையும் என்று ஜப்பானில் விவசாயிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். சரி, எப்போதும் கட்டியே வைத்துவிடலாமே என்றால், ஆர்செனிக் நேர்மாறு: நீர் கட்டினால்தான் கரையும். காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நாம் சும்மா சொல்லிக்கொண்டு போகிறோம். காய்ச்சலில் ஒரு விஷம், பாய்ச்சலில் ஒரு விஷம். அந்த வேர் வாசல் பழுதான ஒரு நெல்லையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். கோஷிஹிகாரி ரகத்தின் மேல் அயனிக் கற்றையைப் பாய்ச்சி எடுத்தது. காட்மியத்தை ஏறக்குறைய உள்ளேயே விடாது. இது உன் தலைமுறையின் சங்கதி, நீயே படித்துக்கொள்.

வழக்கைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. 1968 மார்ச்சில் போட்டார்கள், 1971 ஜூன் 30-இல் தொயாமா நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள், 1972 ஆகஸ்ட் 9-இல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். இதை வேறு யாராவது நன்றாக எழுதியிருப்பார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு மறுநாள் நடந்தது. நிறுவனத்தோடு உட்கார்ந்து மூன்று தாள் எழுதி வாங்கினார்கள். ஒன்று நோயாளிகளுக்கு இழப்பீடு. இன்னொன்று நிலத்துக்கு. மூன்றாவது தாளில் என்ன இருந்தது தெரியுமா? ஊர்க்காரர்களும் அவர்கள் கூட்டிவருகிற நிபுணர்களும் எப்போது வேண்டுமானாலும் சுரங்க வளாகத்துக்குள் நுழைந்து பார்க்கலாம். கேட்கிற கணக்கைக் காட்ட வேண்டும். அந்தச் செலவையும் நிறுவனமே ஏற்க வேண்டும்.

பணத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அது ஒரு தலைமுறையில் தீர்ந்திருக்கும். இந்தத் தாள் இன்னும் ஓடுகிறது. 1972-இலிருந்து வருஷா வருஷம் ஊர்ச் சனம் மலையேறிப் போகிறது. 50 தடவை தாண்டிவிட்டது. வயல்காரர்கள், வக்கீல்கள், பேராசிரியர்கள் எல்லாரும் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு குழாய் குழாயாக, அணை அணையாகப் பார்க்கிறார்கள். இந்த இடத்தில் கசிகிறது, அந்த இடத்தில் மழைநீர் கலக்கிறது என்று சொல்லச் சொல்ல, நிறுவனம் சரிசெய்துகொண்டே வந்தது. வடிகாலில் வெளியேறும் காட்மியம் பத்தில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கிவிட்டது. ஆற்றுத் தண்ணீர் இயற்கையான அளவுக்குத் திரும்பிவிட்டது. 2001-இல் தாது வெட்டுவதே நின்றுவிட்டது. அப்படியும் போகிறார்கள், ஏனென்றால் கழிவைத் தேக்கிவைத்த அணைகள் மலைமேல் இன்னும் இருக்கின்றன. கழிவுக்கு ஓய்வு வயது கிடையாது.

2013 டிசம்பரில் கடைசி உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இருக்கிற உறவை விறைப்பு குறையாத நம்பிக்கை என்கிற மாதிரி ஒரு பெயரால் அழைத்தார்கள். அதை நான் நெடுநாள் மென்றுகொண்டிருந்தேன். நம் ஊரில் நம்பினால் சோதிக்க மாட்டோம், சோதித்தால் நம்பவில்லை என்று கோபித்துக்கொள்வோம். பால்காரரிடம்கூட அப்படித்தான். நான் வேலை பார்த்த காலத்தில் என் முடிவை இன்னொருவர் மறுபடி சோதித்தால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வேன். அந்த வயல்காரர் மட்டும், ‘அப்படியா சார், மடைவாய் மண்ணையும் ஒரு தரம் பாருங்களேன்’ என்று அழுத்திக் கேட்டிருந்தால்? கேட்டிருக்க மாட்டார். சாருக்குத் தெரியாதா என்று நம்பினார். அவர் நம்பிக்கையில் விறைப்பு இல்லை. என் பக்கத்தில் அதற்கான பயமும் இல்லை.

நிலம் என்ன ஆனது என்று கேட்பாய். கெட்டது என்று அரசு குறித்தது சுமார் 1,500 எக்டேர். அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் காட்மியம் என்பதுதான் அப்போதைய எல்லை, இப்போது 0.4. நடுவில் 0.4-க்கும் 1-க்கும் இடைப்பட்ட அரிசியை அரசே வாங்கிப் பசை காய்ச்சக் கொடுத்தது. நாமெல்லாம் ஒரு பருக்கை சிந்தினால் அடி வாங்கி வளர்ந்தவர்கள். விளைவித்த அரிசி பசையாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் விவசாயியின் முகத்தை நினைத்துப் பார்.

மண்ணை எடுத்து எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? எங்கே கொட்டினாலும் அங்கே ஒரு மடைவாய் இருக்கும். அதனால் வயலிலேயே புதைத்தார்கள். கெட்ட மேல்மண்ணைக் கீழே தள்ளி, அதன்மேல் ஒரு கெட்டியான அடுக்கு, அதற்கும் மேலே மலையிலிருந்து கொண்டுவந்த சுத்த மண் என்று விரித்தார்கள். மேலே விரித்தது ஏறக்குறைய ஒரு சாண். மலைமண்ணில் சத்தும் கிடையாது. எரு போட்டு அதை வயலாக்கவே வருஷங்கள் பிடித்தன. 1979-இல் தொடங்கிய வேலை 2012-இல் முடிந்தது. சுமார் 4,000 கோடி யென் செலவில் மீட்டது 863 எக்டேர். மீதியில் நிறைய இடம் வயலாக இல்லாமல் வேறாகிவிட்டது. 33 வருஷம், கண்ணு. தொடங்கிய அன்று பிறந்த பிள்ளைக்கு முடிந்த அன்று கல்யாணமாகிப் பிள்ளை இருந்திருக்கும்.

அகல உழுவதைவிட ஆழ உழு என்று என் தாத்தா சொல்வார். அந்த வயலில் நின்று அதைச் சொல்லிப் பார். கொழு கொஞ்சம் ஆழ இறங்கி அந்தக் கெட்டி அடுக்கைக் கிழித்தால் 1940-களின் கழிவு மேலே வந்துவிடும்.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்கவயல் என்று உனக்குத் தெரியும். வட ஆற்காட்டிலிருந்து போன சனம் நாங்கள். லைன் வீட்டு வாசலில் நின்றால் வெள்ளை மலை தெரியும். சைனைடு மேடு என்போம். தங்கத்தை எடுத்தபின் தள்ளிய அரைமாவு அது. அப்படி 13 மேடு, 3 கோடி டன்னுக்கு மேல். 2001-இல் சுரங்கம் மூடிய பிறகும் அவை அங்கேயேதான் இருக்கின்றன. காற்றடி காலத்தில் அம்மா ஈரத்துணியை மடித்து ஜன்னல் இடுக்கில் திணிப்பாள். சோற்றில் நறநறக்கும். 1965 வாக்கில் அப்பா ஒருநாள் வந்து, “கீழே ஜப்பான்காரன்கூட வந்திருக்கான். எதையோ பிடிக்கணுமாம், அது எதிலேயும் மாட்டாம எல்லாத்தையும் ஊடுருவிப் போயிடுமாம்” என்று சொன்னார். அது நியூட்ரினோ. டாடா ஆராய்ச்சி நிறுவனமும் ஒசாகா, டர்ஹம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து, சாம்பியன் ரீஃப் சுரங்கத்துக்குள் 2 கி.மீ.க்கும் கீழே, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை அந்த வருஷம் கண்டார்கள். அப்புறம் பார்த்தால், ஜின்சு ஆற்றைக் கெடுத்த அதே கமியோகா மலைக்குள்ளும் ஜப்பான்காரர்கள் நியூட்ரினோ பிடிக்கத் தொட்டிகள் கட்டினார்கள். ஒன்றில் 50,000 டன் சுத்தத் தண்ணீர். 2002-இலும் 2015-இலும் நோபல் பரிசு அந்த மலைக்குள் நடந்த ஆராய்ச்சிக்குப் போனது. ஒரு மலைக்குள்ளேயே அவ்வளவு சுத்தமான தண்ணீரையும் சேர்த்துவைக்க முடியும், அவ்வளவு அழுக்கான தண்ணீரையும் வெளியே விட முடியும். இதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் சொல்லிவைக்கத் தோன்றியது.

உன் மேசைக்கு வருகிறேன். நீ அச்சடித்துக் கொடுக்கிற மண்வள அட்டையில் 12 விவரம் இருக்கிறது. 2015-இல் வந்த திட்டம், நல்ல திட்டம். எங்கள் காலத்தைவிட எவ்வளவோ மேல். துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீசுகூடப் பார்க்கிறீர்கள். ஆனால் அவற்றையும் சத்தாகத்தான் பார்க்கிறீர்கள், குறைந்திருக்கிறதா என்று. மிகுந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. காட்மியம், ஈயம், ஆர்செனிக் எல்லாம் அட்டையில் இல்லை. துத்தநாகம் பார்க்க நீங்கள் வைத்திருக்கிற அணு உறிஞ்சல் கருவி இருக்கிறதே, அதில் துத்தநாக விளக்கைக் கழற்றிவிட்டு காட்மிய விளக்கை மாட்டினால் அது காட்மியத்தையும் படிக்கும். மண்ணை அமிலத்தில் கரைக்கிற முறை வேறாக இருக்கும், தர மாதிரிக் கரைசல் வேண்டும், மேலதிகாரியிடம் கையெழுத்து வேண்டும். அதெல்லாம் உண்டு. உங்களிடம் அந்த விளக்கே இல்லை என்றாலும் பரவாயில்லை, கோயம்புத்தூருக்கு அனுப்பலாம். கருவி இல்லை என்பது 1984-இல் எனக்கு உண்மையான சாக்கு. உனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ துள்ளிக் குதித்துக்கொண்டு போய்விடுவாய். முடிவு கையில் வராமல் ‘விஷம்’ என்ற சொல்லை வாயில் எடுக்காதே. டீக்கடையில் ஒருமுறை சொன்னால் போதும், அந்த ஊர் நெல்லுக்கு வியாபாரி அடிமாட்டு விலை கேட்பான். ஜின்சு கரையில் பெண்களைப் பின்கட்டில் ஒளித்துவைத்ததைச் சொன்னேனே, அவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். ஒரு மாதிரி போதாது; மடைவாயில் ஒன்று, நடுவயலில் ஒன்று, வடிகாலில் ஒன்று, அந்த வாய்க்கால் பாயாத பக்கத்து வயலில் ஒன்று என்று தனித்தனிப் பையில் எடு. கலக்காதே. ஹகினோ புள்ளி வைத்த மாதிரி வைத்துப் பார். அட்டையில் எழுதும்போது, பார்த்ததை மட்டும் எழுதி, கீழே ‘உலோக நச்சு சோதிக்கப்படவில்லை’ என்று ஒரு வரி போடு. அச்சில் அதற்குக் கட்டம் இராது. பேனாவால் எழுது.

எங்கள் நிலையத்து வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு இருந்தது. மத்தியானம் அங்கேதான் டிபன் பாக்ஸைத் திறப்போம். அவர் துண்டை உதறிய இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து 6 வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், மாற்றலாகிப் போகிறவரை. ஒரு கைப்பிடி அள்ளிப் பொட்டலம் கட்டி யாருக்காவது அனுப்பலாம் என்று ஒருநாள்கூடத் தோன்றவில்லை. ஓய்வுபெற்ற பிறகு ஒரு தடவை பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். நிலையத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மரம் இருந்தது. அடியில் சிமெண்டுத் தளம் போட்டு பைக் நிறுத்துகிறார்கள்.

உன்னிடம் வந்த பெரியவரின் மடைவாயில் ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். மாடு மிதித்திருக்கும், இல்லை வெறும் சோம்பலில் பக்கத்தில் கிடைத்த மண்ணை அள்ளி வந்திருப்பார். அவர் ஊருக்கு மேலே குவாரியோ பட்டறையோ சுரங்கமோ என்ன இருக்கிறது என்று நீ கேட்டாயா? நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பதிவேட்டில் அவர் கைப்பேசி எண் இருக்கும். காலையில் ஏழு மணிக்குள் கூப்பிட்டால் வீட்டில் இருப்பார்; அதற்கப்புறம் வயலுக்குப் போய்விடுவார். அந்தச் சாக்குப் பை மண்ணை எங்கேயாவது கொட்டிவிட்டாரா என்று முதலில் கேள்.

தாத்தா